நட்சத்திரம் ஆடியது ஏன்?

“நட்சத்திரம் மின்னினா உனக்கென்னம்மா நஷ்டம்?”

வானாய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதன் இயக்குநர் அவளைக் கேட்டிருந்தார். காற்றால் வரும் அந்த ஆட்டத்தை அளந்து, படத்திலிருந்து நீக்கும் கருவியை அவள் செய்து முடித்ததும், சோதனை பார்க்கத் தொலைநோக்கிக்கு அடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

திரையில் நட்சத்திரம் கொதிக்கும் பாலாய்த் தளும்பியது.

“கருவியைக் கழட்டி மூட்டை கட்டிடலாமா?”

“கருவி சரியாத்தான் சார் அளக்குது. காத்து வானத்துல கலங்கல. இந்த அறைக்குள்ளதான் கலங்குது.”

“அறைக்குள்ள புயலா அடிக்குது?” என்று சிரித்தார்.

அவள் குனிந்து பார்த்தாள்.

“கால் ரொம்பக் குளிருதோ சார்?”

அவர் நாற்காலிக்கடியில் சிவந்திருந்த ஹீட்டரை அணைத்தாள். வெப்பக்காற்று அடங்கியதும் நட்சத்திரம் புள்ளியாய் நின்றது.

இயக்குநர் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்.