இந்த ஒயரைக் கட்டினது யாரு?

இரண்டு மாதத்தில் மூன்றாவது தடவையாக நடுரோட்டில் நின்றுபோன எலக்ட்ரிக் ஸ்கூட்டரை, தண்டலம் சர்வீஸ் சென்டருக்குத் தள்ளிக்கொண்டு வந்தான் சிவசங்கர். வந்த கையோடு போனை எடுத்து லைவ் போட்டான்.

"மக்களே, பாருங்க. பின்னாடி லாரி வந்துகினு கீது, வண்டி அப்படியே நின்னுடுச்சு. இன்னிக்கு செத்திருப்பேன்."

மெக்கானிக் சீட்டைக் கழற்றிப் பார்த்தார். "ஒயர் லூஸா இருக்கு சார். மாத்திக் குடுத்துடறேன். லைவை நிறுத்துங்க."

"இன்னாத்துக்கு நிறுத்தணும்? இதைக் கட்டினது யாருன்னு சொல்லு."

"ஒரகடத்துல வேற ஒரு கம்பெனி கட்டிக் குடுக்குது சார். கட்டினவங்க நம்பர் ஒயர்லயே ஒட்டியிருக்கும். பாவம், ஓவர்டைம் பாத்த அலுப்புல விட்டிருப்பாங்க."

"பாவமா? என் உயிர் போயிருந்தா?"

நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கு' என்று கமெண்ட்டுகள் குவிந்தன. சிவசங்கர் ஒயரைக் கேமரா முன்னால் பிடித்து உரக்கப் படித்தான்.

"நாலு, ஏழு, ஒண்ணு, ஆறு."

படித்து முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. தினமும் காலையில் ஒரகடம் கம்பெனி கேட்டில் அவன் இறக்கிவிடும் மனைவி பாஞ்சாலியின் அடையாள அட்டையில் இருக்கும் எண் அது. அவள் கட்டும் ஒயர் எந்த வண்டிக்குப் போகிறது என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.

"மக்களே, அவங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க" என்றான்.

உடனே ஒரு கமெண்ட் வந்தது: 'கம்பெனிக்காரன் எவ்வளவு குடுத்தான்?'