மூன்றாவது கீறல்

அறுபத்தெட்டு வயதில் நம்பிராஜன் கொச்சியிலிருந்து பைபர் கிளாஸ் பாய்மரப் படகு ஒன்று வாங்கி வந்து, மேலகரத்தில் வீட்டுக்குப் பின்னாலிருந்த குளக்கரையில் நிறுத்தினார். ஊரே வந்து தடவிப் பார்த்தது. ஆனால் தண்ணீரில் இறக்க நாள் குறித்தபோதெல்லாம் அந்தப் பளபளப்பில் ஒரு கீறல் விழுந்தது. சரிசெய்ய, தென்காசியில் பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிக்கும் மசூது வந்தார்.

"இது மூணாவது தடவ அண்ணாச்சி. யாரு வேல?"

"ஆட்டுக்குட்டியா இருக்கும்லே. நாளைக்கு எறக்கணும், சீக்கிரம் முடி."

மசூது கீறலில் பசையை நிரப்பி, காய்ந்ததும் உப்புத்தாளை நனைத்துத் தேய்த்து, மெருகேற்றிவிட்டுக் கிளம்பினார். மறந்துபோன உப்புத்தாளை எடுக்கத் திரும்பி வந்தவர் திகைத்து நின்றார். நம்பிராஜன் சாவியால் படகைக் கீறிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி!"

"கத்தாதலே! எனக்கு நீச்சல் தெரியாது. வள்ளித்தாய்க்குத் தெரிஞ்சா மானம் போயிரும்."

மசூது சிரிப்பை அடக்கிக்கொண்டு வீட்டுப்பக்கம் குரல் கொடுத்தார். "மதினி, இன்னொரு கீறல் விழுந்திருக்கு. ரொம்ப ஆழம். சரிபண்ண ஒரு மாசம் ஆவும்!"

உள்ளேயிருந்து நம்பிராஜனின் மனைவி வள்ளித்தாய் பதில் சொன்னாள்.

"ஆவட்டும் தம்பி. அதுக்குள்ள அவுகளுக்கு நீச்சலும் படிச்சுக் குடுத்துருங்க."