பேரை அடிச்சது யாரு?

"என் பொண்ணு பேரை லிஸ்ட்ல இருந்து அடிச்சது யாரு?"

கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே வந்தார் அப்பா. பின்னாலேயே மகள், ஓட்டப் பயிற்சி உடையில், தலையைக் குனிந்தபடி.

ஸ்டாப்வாட்சுகளுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்த பெண் கோச் நிமிர்ந்தார்.

"நான்தான்."

"போட்டிக்கு இன்னும் அஞ்சே நாள். ஐயாயிரம் மீட்டர் ஓட இவளை விட்டா இந்த கிளப்புக்கு வேற நாதி இருக்கா?"

"இல்லை."

"அப்புறம் என்ன திமிரு உங்களுக்கு? நேத்து எல்லார் முன்னாடியும் இவ டிபன் பாக்ஸைத் திறந்து காட்டச் சொன்னீங்களாமே! காலேஜ் போற பொண்ணை இப்படியா மானத்தை வாங்குறது?"

"அது என் தப்புதான். தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணும். உள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? நாலு வெள்ளரிக்காய்த் துண்டு. பத்து கிலோமீட்டர் ஓடி முடிச்ச பொண்ணுக்கு!"

"அது டயட்டுங்க. ஆறே மாசத்துல ஒன்பது கிலோ குறைச்சிருக்கா. பெத்தவன் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?"

"முந்தாநாள் டிரெஸ்ஸிங் ரூம்ல மயங்கி விழுந்தாளே, அதைச் சொன்னாளா?"

அப்பா திரும்பிப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"அஞ்சு மாசமா அவளுக்கு பீரியட்ஸ் வரலை. அதாவது தெரியுமா?"

"இதையெல்லாம் போய் ஆம்பளைங்ககிட்ட..."

கோச் மேஜையில் ஓங்கி அறைந்தார். பேட்டரிகள் உருண்டு கீழே விழுந்தன.

"தினம் காலைல எடை மெஷின்ல ஏத்தி நிறுத்தத் தெரியுதுல்ல? இது மட்டும் கூச்சமா? இவளை இப்ப ஓட விட்டா மெடல் வராது சார், ஆம்புலன்ஸ்தான் வரும்!"

"உங்க உபதேசம் எனக்கு வேண்டாம். ஊர்ல வேற கிளப்பே இல்லையா என்ன? வாடி போலாம்!"

மகள் நகரவில்லை.

கோச் அவள் பக்கம் திரும்பினார். குரலில் இன்னும் சூடு ஆறவில்லை.

"உன் மேல எனக்குக் கோவமே இல்லைடா. ஒழுங்கா சாப்பிடு. டாக்டர் சரின்னு எழுதிக் குடுக்கிற அன்னிக்கே உன் பேரைத் திரும்ப எழுதுறேன். போன வருஷம் எப்படி இருந்தே! அந்த உடம்புல ஒரு கிராம்கூட அதிகம்னு நான் நினைச்சதே இல்லை."

"சரி, சரி. நேரமாச்சு, கிளம்பு." அப்பாவின் குரல் திடீரென்று இறங்கியிருந்தது. மகளின் கையைப் பிடித்து இழுத்தார்.

அவள் வெடுக்கென்று உதறினாள். உள்ளே வந்ததிலிருந்து முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம்... 'இந்த யானையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, இளைச்சாதான் டீம்ல இடம்'னு நீங்க சொன்னதா, ஆறு மாசமா அப்பா தினம் சொல்லிட்டு இருக்காரே... நீங்க அப்படிச் சொல்லவே இல்லையா?"