இருட்டில் வைக்க வேண்டிய தட்டுகள்

மெதுவாகத் தட்டினான். அவன்தான். மற்றவர்கள் என்றால் கதவை உடைப்பார்கள்.

அவள் அசையவில்லை.

மேசைமேல் ஈஸ்ட் தட்டுகள். இப்போதுதான் புற ஊதாக் கதிரில் சுட்டு எடுத்தவை. இன்னும் அலுமினியத் தாளில் சுற்றவில்லை. அறையில் சிவப்பு விளக்கு மட்டும். வேறு வெளிச்சம் பட்டால் போச்சு, ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும்.

பிழைக்கக் கூடாது. இருட்டில் எவ்வளவு சாகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. இது கடைசித் தொகுதி. இது கெட்டால் ஆய்வேடு அடுத்த வருடம்தான். வீட்டில் யாருக்கும் ஆய்வேடு என்றால் என்னவென்றே தெரியாது. எப்போது முடியும் என்று மட்டும் கேட்பார்கள்.

"மாரிக்கனி."

கதவுக்கு வெளியே அவன் குரல். ரகசியம் பேசுகிற குரல்.

புற ஊதா, டிஎன்ஏவில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு எழுத்துகளைத் தப்பாக ஒட்டிவிடும். அந்தக் காயத்தை ஒரு நொதி தேடிப் போகும். இருட்டிலேயே கண்டுபிடிக்கும். பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆற்றாது. ஆற்றுவதற்கு வெளிச்சம் வேண்டும்.

லேசில் பிடியையும் விடாது.

அந்த நொதியை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டு வருடமாக எல்லாம் இந்த அறைக்குள்தான். சிரிப்பு, சண்டை, சமாதானம். ஒருநாள் அவள் கையுறையைக் கழற்றி, விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தான். சிவப்பு வெளிச்சத்தில் இரண்டு பேர் கையும் ஒரே நிறம்.

வெளியே வந்தால், கேன்டீனுக்குப் போகும்போதுகூட அவளுக்குப் பத்தடி முன்னால் நடப்பான்.

"யாராவது பாத்துருவாங்க."

பார்த்தால் என்ன என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தான்.

இன்று ஜெர்மனிக்குக் கிளம்புகிறான்.

"ரெண்டு நிமிஷம் உள்ள வரட்டா? திரைக்குப் பின்னாடி நுழைஞ்சுக்கிறேன். வெளிச்சம் வராது."

வரலாம். அதற்குத்தான் அந்தக் கறுப்புத் திரை. உள்ளே வந்து, இந்தச் சிவப்பில் நின்று, எல்லாம் சொல்வான். அழக்கூடச் செய்வான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போவான்.

"நீ வராத. நான் வரேன்."

"பிளேட்டெல்லாம் சுத்திட்டியா?"

சுற்றவில்லை. சுற்ற ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் அவளுக்குத் தைரியம் போய்விடும்.

திரையை இழுத்தாள். கதவைத் திறந்தாள்.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக வராந்தாவில் கொட்டிக் கிடந்தது. அவளைத் தாண்டி உள்ளே போனது.

அவன் முகம் வெளிறியது. அவன் தனியாக வரவில்லை. கொஞ்சம் தள்ளி, படிக்கட்டுப் பக்கம் அவனுடைய அப்பா, அம்மா.

"நந்து, யாருப்பா இது?" அம்மா கேட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். சொல்லு, என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. எது வேண்டுமானாலும் சொல். பெயரையாவது சொல்.

"இவங்க... லேப்ல இருக்காங்கம்மா."

இருக்காங்க. ஃப்ரிட்ஜ் இருக்கிற மாதிரி.

அம்மா நல்ல மாதிரிதான். சிரித்தாள். "எந்த ஊரும்மா?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம்."

"அட, அங்க எங்க சொந்தக்காரங்க நிறைய. எந்தத் தெரு?"

"நீங்க கேக்கறது புரியுது. தண்டவாளத்துக்கு அந்தாண்ட. உங்க சொந்தக்காரங்க அங்கல்லாம் வந்திருக்க மாட்டாங்க."

சிரிப்பு அம்மாவின் முகத்திலேயே நின்றது, எடுத்து வைக்க இடம் இல்லாமல்.

அப்பா தொண்டையைச் செருமினார். "கார் வெயில்ல நிக்குது. வாங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கொஞ்ச நேரம் நின்றாள். தன்னால் முடிந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நின்றாள்.

பிறகு உள்ளே போனாள்.

கதவைச் சாத்தவில்லை. தட்டுகள்மேல் வெயில் விழுந்திருந்தது. இந்நேரம் உள்ளே அந்த நொதி காயத்தை ஆற்றிவிட்டு, ஒவ்வொன்றாகப் பிடியை விட ஆரம்பித்திருக்கும். இருக்கட்டும். பிழைக்கிறது பிழைக்கட்டும்.

மேசையைப் பிடித்துக்கொண்டு, வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

படிக்கட்டில் இறங்குகிற சத்தம். அப்பாவின் ஷூ. அம்மாவின் செருப்பு.

மூன்றாவது சத்தம் கேட்டுவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

ஷூ கீழே போய்விட்டது. செருப்பும் போய்விட்டது.

இன்னும் கேட்கவில்லை.