இரண்டு பேர் சட்டி

“ஒரு ஆளுக்குன்னு தனியா சட்டி கிடையாது தம்பி. அதோ கண்ணாடிக்கடைக்காரர் உக்காந்திருக்காரே, அவர்கூடச் சேர்ந்துக்கோங்க.”

கடைக்கார அம்மா இந்த ஞாயிறும் அதையே சொன்னதும் லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் ஆறு மேசை காலியாகக் கிடக்கிறது. தனியாக உட்கார்ந்து சூடாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் போக ஒரு மனுஷனுக்கு உரிமை கிடையாதா?

அந்தச் சின்னக் கொரியன் ரெஸ்டாரன்ட்டில் இதுதான் சட்டம். மற்றபடி குறை சொல்ல முடியாது. விலை கையைக் கடிக்காது. கிம்ச்சி என்கிற முட்டைக்கோஸ் ஊறுகாய், கீரை, முளைப்பயறு என்று தொட்டுக்கொள்ளச் சின்னச் சின்னக் கிண்ணங்கள் வரும். எத்தனை தடவை கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிரப்புவார்கள். ஆனால் மேசை அடுப்பில் வைத்துக் கொதிக்கக் கொதிக்கச் சாப்பிடுகிற குழம்புச் சட்டி மட்டும் இரண்டு பேருக்குத்தான். சுவரில் எழுதியே ஒட்டியிருந்தது. தனியாக வருகிறவரை, தனியாக வந்த இன்னொருவரோடு கோத்துவிடுவார் கடைக்கார அம்மா.

மெக்கானிக் வேலை மாற்றலில் இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம். தங்கியிருப்பது மாடியில் ஓர் ஒற்றை அறை. தினமும் ஏதாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட்டுக்குள் நின்று, அவசர போன் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்ப்பார். “கேக்குதா?” என்பார். மறுமுனை “கேக்குது” என்று சொல்லிவிட்டு வைத்துவிடும். சில வாரங்களில் அவருடைய மொத்தப் பேச்சே அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் எதிரில் ஒரு முகம் இருக்கும். அதுவும் இந்த அம்மா வலுக்கட்டாயமாகத் தலையில் கட்டிய முகம்.

கண்ணாடிக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடி விற்பவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். முதல் இரண்டு வாரம் இருவரும் சட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வாரம் கடைக்கார அம்மாவைத் திட்ட ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. திட்டில் தொடங்கி, போனை எடுக்காத அவர் மகள், இவருடைய முழங்கால் வலி, ஏழாம் மாடிக்குத் தனியாக லிஃப்ட்டில் போய்வரும் நாய் என்று எங்கெங்கோ போய் மறுபடி திட்டில் வந்து நிற்கும்.

இன்றைக்கு மெக்கானிக் தீர்மானத்தோடுதான் வந்திருந்தார்.

“பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல இதே மாதிரி ஒண்ணு புதுசா திறந்திருக்காங்க சார். ஒரு ஆளுக்கும் சட்டி உண்டாம். அடுத்த வாரத்துலேருந்து நான் அங்கே போயிடறேன்.”

வழக்கமாக இவர் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சேர்த்துத் திட்டுவார். இன்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

அந்த நேரம் பார்த்து மேசை அடுப்பு அணைந்துபோனது. கேஸ் டப்பா காலி. கடைக்கார அம்மாவின் இரண்டு கையிலும் தட்டுகள். சமையலறையில் வலது பக்க அலமாரியில் புது டப்பா இருக்கிறது, போய் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

கோபத்தில் இருக்கிறவருக்கு வலது ஏது, இடது ஏது? மெக்கானிக் இடது பக்கத்து அலமாரியைத் திறந்துவிட்டார்.

உள்ளே அடுக்கடுக்காகச் சின்னச் சட்டிகள். எல்லாம் கறுப்பு. ஓர் ஆளுக்கு அளவெடுத்துச் செய்தது போல் இருந்தன. இருபதுக்குக் குறையாது.

திரும்பினால், கடைக்கார அம்மா நின்றுகொண்டிருந்தார். இருக்கிற சட்டியை இல்லையென்று சொல்லி ஊரை ஏமாற்றுகிறீர்களா என்று மெக்கானிக் கேட்டே விட்டார். அந்த அம்மா மழுப்பவில்லை.

“முதல் வருஷம் இதுலதான் குடுத்தேன் தம்பி. ஆளுக்கொரு சட்டி, ஆளுக்கொரு மேசை. பத்துப் பன்னெண்டு பேர் உக்காந்திருப்பாங்க, ஸ்பூன் சத்தம் தவிர வேற சத்தமே இருக்காது. எனக்கு மனசு கேக்கல. எல்லாத்தையும் எடுத்து உள்ள வெச்சுட்டேன்.”

சட்டிகளைக் காட்டி, “உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க. இன்னிக்குத் தனியாவே போட்டுத் தரேன்” என்றார்.

இந்த எட்டு மாதமாக யாரைத் திட்டித் திட்டி நமக்கு ஒரு சிநேகிதம் கிடைத்தது என்று நினைத்தபோது மெக்கானிக்குக்கு வெட்கமாக இருந்தது. அலமாரியைச் சத்தமில்லாமல் சாத்தினார். வலது பக்கத்திலிருந்து ஒரு கேஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு மேசைக்கு வந்தார்.

அடுப்பு பற்றிக்கொண்டது. குழம்பு மறுபடி கொதிக்கத் தொடங்கியது. கண்ணாடிக்கடைக்காரர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

“உள்ள சின்னச் சட்டி ஏதாவது கண்ணுல பட்டுதா தம்பி?”

“ஒண்ணுகூட இல்ல சார்.” மெக்கானிக் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து அவர் கிண்ணத்தில் வைத்தார். “அந்தப் புதுக்கடை வேற ரொம்ப தூரம். அடுத்த வாரமும் இங்கேயே வந்துடறேன்.”

கண்ணாடிக்கடைக்காரர் நிதானமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

“ஆறு மாசம் முன்னாடி நானும் அந்த இடது பக்கத்து அலமாரியைத் திறந்து பார்த்தேன் தம்பி. எனக்கும் ஒண்ணுகூடக் கண்ணுல படல.”