ஆறு கைகள்

முதல் மாதம் நால்வரும் சண்டைக்கோழிகள். மாடிக் கண்ணாடிகளைத் துடைக்கக் கயிற்றில் இறங்கும் இசக்கி அடிக்கொருதரம் கத்துவான்: "பிடிச்சிருக்கீங்களாடா?" மேலே கயிறு பிடிக்கும் மற்ற மூவரும், "பிடிச்சிருக்கோம், உன் தொப்பையத்தான் தாங்க முடியல!" என்பார்கள். பிறகு ஒரு தலையசைப்பே போதுமென்றாகியது. மூன்றாம் வருடம் அதுவும் வேண்டியிருக்கவில்லை. அவன் நினைத்த உயரத்தில் கயிறு தானாக நின்றது.

இன்று பதினோராம் மாடியருகே தொங்கியபடி அண்ணாந்து பார்த்தான். மூவரும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று இரண்டிரண்டு கைகளையும் ஆட்டினார்கள்.

"என்னடா பாக்குற? நாங்க இருக்கோம்ல!"

எண்ணினான். ஆறு கைகள். மறுபடி எண்ணினான். தொண்டை வரை வந்த பழைய கேள்வியை, பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் விழுங்கினான். கயிறு மெதுவாக, பழக்கம்போல, இறங்கிக்கொண்டிருந்தது.