தூங்க வைத்துக் கொண்டுவந்த பிள்ளை
உத்திரமேரூர் பள்ளிக்கூட வகுப்பறையில் மருத்துவ முகாம். ஜன்னல் வெயில் கம்பி கம்பியாக விழும் பெஞ்சில், ஷீபாவின் மடியில் அவளுடைய நான்கு வயது மகள் கெசியா வாய் பிளந்து உறங்குகிறாள். மனநல மருத்துவர் குழந்தையின் காதருகே சாவிக்கொத்தைக் குலுக்குகிறார். இமை அசையவில்லை. “என்னம்மா குடுத்தீங்க?” “சளி மருந்து சார். முழிச்சிகினு இருந்தா ஆளுங்கள கடிக்குது. போன தபா பாதி வழியிலயே பஸ்ஸ விட்டு எறக்கி வுட்டுட்டாங்க.” ஷீபா முந்தானையை விலக்கித் தோளிலுள்ள பல் தடங்களைக் காட்டுகிறாள். மருத்துவர் எதுவும் எழுதாத படிவத்தின்மேல் பேனாவை வைக்கிறார். “முழிச்சிருந்தாதாம்மா நான் பாக்க முடியும். அடுத்த மாசம் மருந்து குடுக்காம கூட்டிட்டு வாங்க.” ஷீபா மகளின் கடைவாயில் வழியும் எச்சிலைத் துடைத்துவிடுகிறாள். “எந்த பஸ்ல சார்?”